ஒரே மலை, இரண்டு வழக்குகள்: கூடலூர் ஜன்மம் நிலமும் தடை உத்தரவின் ஆயுளும்

அரசமைப்புச் சட்டம் பற்றிக் கொஞ்சம் வாசித்தவர்களுக்குக்கூட இரண்டு வழக்குகளின் பெயர் தெரிந்திருக்கும். ஒன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. இந்தியாவில் காடு என்றால் என்ன, அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொன்ன வழக்கு. இன்னொன்று ஐ.ஆர். கோயலோ வழக்கு. ஒன்பதாவது அட்டவணையில் ஒளித்து வைத்தாலும் ஒரு சட்டம் நீதிமன்றப் பரிசீலனைக்குத் தப்பாது என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னது. முதலாவதைச் சுற்றுச்சூழல் பாடத்திலும் இரண்டாவதை அடிப்படைக் கட்டமைப்புப் பாடத்திலும் சொல்லித் தருவார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசி நான் பார்த்தது அரிது.

இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. நீலகிரி மாவட்டம், கூடலூர். அதைவிட முக்கியம், ஒன்று இன்னொன்றை எண் குறிப்பிட்டுச் சுட்டுகிறது. அந்தச் சுட்டல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காட்டு நிலத்தை வணிகத்துக்கு எடுத்துக்கொள்வதைத் தடுக்க நம்மிடம் இருக்கும் சட்டப் பரிகாரங்களின் பலமும் ஓட்டையும் அந்த ஒரு வரியில் தெரிகின்றன என்பது என் கணிப்பு.

முதலில் நிலம். கூடலூர், பந்தலூர் பகுதி 1877 வரை மலபாரின் வயநாட்டைச் சேர்ந்தது; அதன் பிறகுதான் நீலகிரிக்கு வந்தது. அதனால் அங்கே நில உரிமை முறையும் மலபார் முறைதான்: ஜன்மம். நிலத்தின் பிறப்புரிமை ஜன்மிக்கு, அனுபவிப்பது குத்தகைக்காரர். இங்கே பெரிய ஜன்மி நிலம்பூர் கோவிலகம். 1880 வாக்கில் தங்கம் கிடைக்கும் என்று நம்பி ஆங்கிலக் கம்பெனிகள் தேவாலா, பந்தலூர் பக்கம் வந்து குவிந்தன. தங்கம் கைகொடுக்கவில்லை. காப்பியும் பின்னால் தேயிலையும் நிலைத்தன. கோவிலகம் நீண்ட காலக் குத்தகைக்கு விட்ட நிலங்களில் ஒரு பகுதி தோட்டமாகியது. ஒரு பகுதி குத்தகைக் கணக்குக்குள்ளேயே காடாக நின்றது. இந்த இரண்டாவது பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை எல்லாம் அதன் மேல்தான்.

1969இல் தமிழ்நாடு அரசு கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. சுமார் 80,000 ஏக்கர் அதன் கீழ் வருகிறது. பயிரிட்டவருக்கு ரயத்துவாரி பட்டா, காடு அரசுக்கு. தோட்டக் குத்தகைகளுக்கு மட்டும் 17ஆம் பிரிவு என்று தனி ஏற்பாடு. குத்தகை தொடரும், ஜன்மி இருந்த இடத்தில் இனி அரசு இருக்கும். பொதுநலன் கருதினால் அரசு நோட்டீஸ் கொடுத்து அந்தக் குத்தகையை முடிக்கலாம். கூடலூரில் இன்றும் யாரிடமாவது நிலம் பற்றிக் கேட்டால் "செக்‌ஷன் பதினேழு" என்பார்களே, அது இதுதான். ஒரு சட்டப் பிரிவின் எண் ஊர்ப்பெயர் மாதிரி புழங்குகிறது.

தோட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1972இல் பால்மடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் காட்டை அரசு எடுத்துக்கொள்வதை மட்டும் ரத்து செய்தது. நிலச் சீர்திருத்தத்துக்குத்தான் அரசமைப்புச் சட்டம் பாதுகாப்பு தருகிறது, காட்டை எடுப்பது எப்படி நிலச் சீர்திருத்தமாகும் என்பது கேள்வி. அரசு விடவில்லை. 1974இல் 34ஆவது திருத்தம் மூலம் சட்டம் ஒன்பதாவது அட்டவணைக்குள் போனது. அதை எதிர்த்துப் போன மேல்முறையீடுதான் கோயலோ வழக்கு. எண் 1344-45/1976.

அந்த வழக்கு கிடந்தது. 1976இல் எண் கொடுக்கப்பட்டது, 1999இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது, 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கோட்பாட்டைச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த சட்டங்களைப் பரிசீலிக்கலாம் என்றார்கள். கூடலூர் காடு யாருடையது என்று அன்றும் சொல்லவில்லை. அதை மூன்று நீதிபதிகள் அமர்வு 2010இல், கிளென்ராக் எஸ்டேட் வழக்கில் சொன்னது: திருத்தம் செல்லும், காடு அரசுக்குத்தான். 1974இல் சேர்த்த சட்டம் செல்லும் என்று தெரிய 36 வருடம்.

இந்த 36 வருடத்தின் நடுவில்தான் கோதவர்மன் வருகிறார். அதே நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். ஒருகாலத்தில் தன் குடும்பத்துடையதாக இருந்து அரசு எடுத்துக்கொண்ட காட்டில் மரம் வெட்டப்படுகிறது என்று 1995இல் உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார். ரிட் மனு 202/1995. நிலத்தை இழந்த ஜன்மி, எடுத்துக்கொண்ட அரசைப் பார்த்து 'நீ காப்பாற்றவில்லை' என்று கேட்கிற வழக்கு இது. இதைவிடக் கூர்மையான மனுதாரரைக் கற்பனை செய்வது கஷ்டம்.

1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ். வர்மாவும் பி.என். கிர்பாலும் கொடுத்த உத்தரவின் புகழ்பெற்ற பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. காடு என்பதற்கு அகராதிப் பொருள்தான் பொருள். அரசுப் பதிவேட்டில் காடு என்றிருந்தால் உரிமை யாருடையதாக இருந்தாலும் அதுவும் காடு. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே நடக்கும் காடு சாராத வேலை எல்லாம் உடனே நிற்க வேண்டும். மர அறுவை ஆலையாகட்டும், சுரங்கமாகட்டும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உண்மையில் உயிர் கொடுத்தது இந்த உத்தரவு. அதன் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதை ஒரே நாளில் நிறுத்திய எழுத்து அது.

ஆனால் பலரும் முதல் சில பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். உத்தரவின் பின்பகுதியில் தமிழ்நாட்டுக்கென்று தனியாகச் சில பத்திகள் இருக்கின்றன. எனக்கு அங்கேதான் சுவாரஸ்யம்.

தோட்டங்களில் நிழல்மரம் வெட்டலாம், ஆனால் நட்ட மரத்தை மட்டும். தானாக முளைத்ததை அல்ல. எந்த இனம், எவ்வளவு என்பதை டான்டீ சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் காடாக இருந்து, தோட்டமாகப் பயன்பாட்டில் இல்லாத பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே மரம் வெட்டக்கூடாது. காட்டுக்குள் தோட்டம் இனி விரியக்கூடாது. இடைக்காலத் தடை வந்த 1995 டிசம்பர் 11க்கு முன் வெட்டிய மரங்களை எடுத்துக்கொண்டு போகலாம், ஜன்மம் நிலத்தில் வெட்டியவை தவிர. ஜன்மம் நிலத்தைப் பொறுத்தவரை? வெட்டுவதற்கான தடை உண்டு. ஆனால் அது உரிமையியல் மேல்முறையீடுகளில், 1344-45/1976 உட்பட, பிறப்பிக்கப்படும் எந்த உத்தரவுக்கும் உட்பட்டது.

அதாவது கோயலோ வழக்கு.

என் தொழிலில் ஒரு கோப்பு இன்னொரு கோப்பைக் காட்டும், அது மூன்றாவதைக் காட்டும், கடைசியில் எங்கேயும் மதிப்பு இருக்காது. அந்த மாதிரி. எந்த நிலத்துக்காக கோதவர்மன் நீதிமன்றம் போனாரோ அந்த நிலத்துக்கு மட்டும் பதில் 'அந்த வழக்கில் பார்த்துக்கொள்' என்றானது. அந்த வழக்கோ அப்போது இருபது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அஸ்ஸாமுக்கும் அருணாச்சலத்துக்கும் உடனடித் தீர்வு கிடைத்தது. கூடலூருக்குக் கிடைத்தது தற்காலிகத் தடை.

தடை நல்லதுதானே, மரம் பிழைத்ததே என்று கேட்கலாம். பிழைத்தது. ஆனால் தடை என்ற பரிகாரம் எல்லோரையும் ஒரே மாதிரி நிறுத்துவதில்லை. ஏற்கனவே தேயிலை நட்டு முடித்த எஸ்டேட் கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கலாம். வழக்கு முப்பது வருடம் நடந்தால் முப்பது வருடக் கொழுந்து. 17ஆம் பிரிவில் குத்தகையை முடிக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது. ஆனால் சட்டமே செல்லுமா என்று தெரியாத காலம் முழுவதும் எந்த அதிகாரி அந்த நோட்டீஸில் துணிந்து கையெழுத்துப் போடுவார்? ஆக 'இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும்' என்ற நீதிமன்ற வாசகம், இருப்பவருக்கு நடைமுறையில் குத்தகை நீட்டிப்பு. நீதிபதிகள் அப்படி நினைத்து எழுதவில்லை. விளைவு அதுதான்.

'பயன்பாட்டில் இல்லாத காடு' என்ற சொற்றொடரையும் கவனியுங்கள். எஸ்டேட் எல்லைக்குள் நிற்கும் சோலை பாதுகாக்கப்பட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் சோதனை என்ன? அது தோட்டமாகப் பயன்பாட்டில் இருக்கிறதா என்பது. அடையாளம் காணும் வேலை தாமதமானால், அதற்குள் கீழ்ச்செடியை வெட்டி நாலு வரிசை நட்டவன் 'பயன்பாட்டில்' என்று சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. விரிவாக்கம் கூடாது என்ற அடுத்த வாக்கியம் அதைத் தடுக்கிறது என்பது சரி. ஆனால் எல்லையே அளக்காத இடத்தில் விரிந்தது எது, முன்பே இருந்தது எது என்று யார் சொல்வது?

இன்னொரு வேடிக்கை, டான்டீ. தோட்டங்களின் மரத்துக்கு அளவு சொல்லும் பொறுப்பைப் பெற்ற இந்த அரசு நிறுவனமே காட்டு நிலத்தில் தேயிலை போட்டு உருவானது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தர 1968இல் வனத்துறையே தொடங்கிய தேயிலைத் திட்டம் அது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தலைமுறைகளாக உழைத்த நாட்டிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்களுக்கு ஏதோ ஒரு மலை வேண்டியிருந்தது. ஆனால் காட்டு நிலத்தின் வணிகப் பயன்பாடு என்று பேசும்போது தனியார் எஸ்டேட்டும் ரிசார்ட்டும் மட்டும் கண்ணுக்கு வருகிறது, அரசு வரமாட்டேன் என்கிறது. 2022இல் தமிழக அரசு டான்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பித் தர முடிவு செய்தது. காடு திரும்பினால் மகிழ்ச்சி. லைன் வீட்டில் இருக்கும் தொழிலாளி எங்கே திரும்புவார் என்ற கேள்விதான் உடனே எழுந்தது.

அடியில் இருப்பவர்களுக்கு இந்தத் தடை எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் இந்த நிலத்தில் ஜன்மிக்கும் முன்பே இருந்தவர்கள். காகிதம் இல்லாதவர்கள். 1980களின் பிற்பகுதியில் ஆதிவாசிகள் சங்கமாகத் திரண்டபோது, மீட்ட நிலத்தில் அவர்களும் தேயிலை நட்டார்கள். நட்ட செடிதான் அனுபவ பாத்தியத்துக்குச் சாட்சி என்பதால். எஸ்டேட்டிடம் கற்ற பாடம் என்றே சொல்லலாம். கேரளத்திலிருந்து வந்து குடியேறிய சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 17ஆம் பிரிவு நிலத்தில் வீடு கட்டியவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லையென்றால் மின் இணைப்புக்கு அல்லாட்டம். அதே வகை நிலத்தில் தேயிலை ஃபேக்டரிக்கு மின்சாரம் எப்போதோ வந்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே தடை.

2006 வன உரிமைச் சட்டம் இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியிருக்க வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன் அங்கே இருந்த பழங்குடியினருக்கு உரிமை உண்டு. மற்றவர்கள் என்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1964க்குப் பின் வந்தவர் அதை எப்படிக் காட்டுவார்?

சரி, இன்று உங்கள் கண் முன்னால் காடு ஒன்று ரிசார்ட்டாகவோ குவாரியாகவோ மாறுகிறது என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? பசுமைத் தீர்ப்பாயம் என்று உடனே சொல்வோம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. ஆனால் அதன் அட்டவணையில் ஏழு சட்டங்கள்தான். வனப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே இருக்கிறது. தமிழ்நாடு வனச் சட்டம், 1882 வெளியே. வனவிலங்குச் சட்டம் வெளியே. வன உரிமைச் சட்டமும் வெளியே. அதோடு, பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீடு, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது போன்ற கோரிக்கைக்கு ஐந்து வருடம் உண்டு. மனு எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்றபடி உயர் நீதிமன்றத்தில் 226இன் கீழ் ரிட் மனு, அதுதான் இன்றும் அகலமான கதவு.

தண்டனை? வனப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 15 நாள் வரை வெறுங்காவல். எழுத்துப் பிழை இல்லை, பதினைந்து நாள்தான். 1988இல் சேர்த்தது. கோடிகளில் லாபம் தரும் நிலத்துக்கு இதை யாரும் தண்டனையாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதே சட்டத்தில் துறைத் தலைவரையும் பொறுப்பாக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும்.

வேகமாக வேலை செய்த உத்தரவுகளும் உண்டு. மலையின் அடுத்த பக்கம், முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானை வழித்தட வழக்கில், அனுமதி இல்லாத 11 ரிசார்ட்டுகளை 48 மணி நேரத்தில் பூட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2018 ஆகஸ்டில். பூட்டினார்கள். அங்கே பெரும்பாலும் பட்டா நிலம். உரிமையாளர் யார், கட்டிடம் எது, எந்த அனுமதி இல்லை என்பது கலெக்டர் அறிக்கையில் தெளிவாக இருந்தது. உத்தரவு விழ ஒரு முகவரி இருந்தது. இறுதித் தீர்ப்பு 2020 அக்டோபரில் வந்தபோது, தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தார்கள். கூடலூரில் இல்லாதது இந்த இரண்டும்தான்: யாருடையது என்ற பட்டியல், ஒவ்வொருவராகக் கேட்கும் ஒரு மேசை.

2025 மே மாதம் புனே கோந்த்வா வழக்கில் வந்த தீர்ப்பு இந்த வகையில் எனக்கு நம்பிக்கை தருகிறது. 11.89 ஹெக்டேர் ரிசர்வ் வனத்தை வருவாய்த்துறை கையில் வைத்திருந்து, தனியாருக்கு ஒதுக்கி, அது கட்டிடக்காரர் கைக்குப் போன கதை. நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்ததோடு நிற்கவில்லை. வருவாய்த்துறை வசமுள்ள ரிசர்வ் வனம் எதுவும் தனியாருக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க எல்லா மாநிலங்களிலும் சிறப்புக் குழு அமைக்கச் சொன்னது. போயிருந்தால் திரும்ப எடு, எடுப்பது பொதுநலனுக்கு ஏற்றதல்ல என்றால் நிலத்தின் விலையை வசூலித்துக் காடு வளர்க்கச் செலவிடு, ஒரு வருடத்துக்குள். 'நிறுத்து' என்பதிலிருந்து 'திருப்பிக் கொடு அல்லது விலை கொடு' என்று பரிகாரம் நகர்ந்திருக்கிறது. வரம்பு ஒன்று உண்டு. ரிசர்வ் வனம் என்று அறிவித்த நிலத்துக்குத்தான் இது. அறிவிப்பே முடியாத ஜன்மம் நிலம் இந்த வலையின் கண்ணியில் நழுவிவிடும்.

இந்த இடத்தில்தான் 2023 திருத்தம் பயமுறுத்துகிறது. இனி அறிவிக்கப்பட்ட காடும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பிறகோ அரசுப் பதிவில் காடு என்றிருப்பதும் மட்டுமே காடு. மாநில அரசு அதிகாரமளித்த ஒருவரின் உத்தரவுப்படி 1996 டிசம்பர் 12க்கு முன் வேறு பயன்பாட்டுக்கு மாறியிருந்தால் அதுவும் விலக்கு. தேதியைப் பாருங்கள். கோதவர்மன் உத்தரவின் அதே நாள். காட்டைக் காப்பாற்ற எழுதிய உத்தரவின் தேதி, அதுவரை போனது போகட்டும் என்பதற்கு எல்லைக்கல்லாகிவிட்டது.

திருத்தத்தை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம், பட்டியல் முடியும் வரை அகராதிப் பொருளே தொடரும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. எந்தப் பட்டியல்? ஒவ்வொரு மாநிலமும் நிபுணர் குழு அமைத்துக் காட்டை அடையாளம் காண வேண்டும் என்று 1996இல் சொன்னார்களே, அந்தப் பட்டியல். குழு அமைக்க அன்று கொடுத்த அவகாசம் ஒரு மாதம். அந்தக் குழுக்களின் அறிக்கைகளை வாங்கி ஏப்ரல் 15க்குள் இணையத்தில் போடுங்கள் என்று மத்திய அரசிடம் 2024இல் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே கூடலூரைப் பொறுத்தவரை என் வாதம் எளிமையானது. இனி புதிய தடை தேவையில்லை. 2010க்குப் பிறகு காடு அரசுடையது என்பதில் சட்டச் சந்தேகம் இல்லை, சாக்கும் இல்லை. 17ஆம் பிரிவு நிலத்தை அளந்து மூன்றாகப் பிரிக்க வேண்டும்: எஸ்டேட் எல்லைக்குள் நிற்கும் காடு, நடப்பில் இருக்கும் பெருந்தோட்டம், குடியிருப்பும் சிறு நிலமும். முதலாவதை வனமாக அறிவிக்கட்டும். இரண்டாவதற்குக் குத்தகைக் கணக்கைத் திறந்து, பொதுநலன் என்ற அந்த வார்த்தையை ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்கட்டும். மூன்றாவதில் வன உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவருக்கு உரிமைப் பத்திரம், வராதவருக்கு மாநில அரசின் தனித் திட்டம். இந்த வரிசையில் செய்யாமல் மூன்றாவதில் மட்டும் புல்டோசரோடு தொடங்கினால், கோதவர்மன் உத்தரவைக் காட்டித்தான் தொடங்குவார்கள்.

கோதவர்மன் 2016இல் காலமானார். கோயலோ அதற்கு முன்பே. 2007 தீர்ப்பின் தலைப்பிலேயே அவர் பெயருக்குப் பக்கத்தில் 'காலமாகிவிட்டார், வாரிசுகள் மூலம்' என்று இருக்கிறது. 202/1995 உச்ச நீதிமன்ற விசாரணைப் பட்டியலில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.